அடிமரத்துக் கயிறு

எந்த மரமானாலும் ராஜபாண்டி முதலில் இரண்டடிதான் ஏறுவான். அந்த உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, "மாப்ள, இறக்கு" என்பான். அடிமரத்தருகே நிற்கும் வீரணன் அங்கே பூட்டியிருக்கும் கயிற்றைத் தளர்த்தி மெல்ல விடுவான். ராஜபாண்டியின் பூட்ஸ் தரையைத் தொடும். "சரி" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் உண்மையாகவே ஏறத் தொடங்குவான்.

வேடிக்கை பார்க்கும் வீட்டுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். மரம் வெட்ட வந்தவன் ஊஞ்சலாடுகிறானே என்று கேட்டவர்களும் உண்டு.

கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் இறக்கை துடைக்கும் வேலையில் நான்கு வருடம் கயிற்றில் தொங்கியவன் அவன். கீழே நிற்பவரால் இறக்க முடியாத கயிற்றில் அங்கே யாரையும் ஏற விடமாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு உசிலம்பட்டி பக்கம் சொந்த ஊருக்கே வந்து மர வேலை எடுத்தபோதும் அந்தப் பழக்கத்தை அவன் விடவில்லை. மெல்லிய கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு போட்ட சின்னப் பையைக் கட்டி, உயரத்தில் இருக்கும் தடித்த கவட்டைக்கு மேலாக வீசுவான். அது மறுபக்கம் வந்து விழுந்ததும் அதைக்கொண்டே பெரிய கயிற்றை இழுத்து மாட்டுவான். ஒரு பக்கத்தில் அவன் ஏறுவான். மறுபக்கம் இறங்கி வரும் கயிறு, அடிமரத்தில் கட்டிய எட்டு வடிவ வளையத்தில் சுற்றிப் பூட்டப்பட்டிருக்கும். மேலே ஒருவனுக்கு மயக்கம் வந்தாலும் அடிபட்டாலும், கீழே இருப்பவர் அந்த வளையத்தின் வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவனைத் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்காகவே மரத்தைப்போல மூன்று மடங்கு நீளத்துக்குக் கயிறு வைத்திருந்தான்.

வளையத்துக்குப் பொறுப்பு வீரணன். ராஜபாண்டியின் மனைவி மீனாவுக்குத் தம்பி. மூன்றாவது ஆள் ஒச்சம்மாள். அதே ஊர்க்காரி, வயது நாற்பத்தெட்டு. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. மேலிருந்து விழும் கிளைகளை அரிவாளால் கழித்து, இழுத்துப்போய்க் குட்டியானை வண்டியில் அடுக்குவது அவள் வேலை. ஆறு வருடமாக அவர்களுடன் வருகிறாள். அந்த ஆறு வருடத்தில் பெரிய கயிற்றை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவளைத் தொடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

கார்த்திகை பிறந்த இரண்டாவது வாரம் திருநகரில் ஒரு வேலை வந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுபலட்சுமி என்ற அம்மாவின் வீடு. பின்கட்டில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று தெருவுக்கே குடை பிடித்ததுபோல நின்றது. ஐப்பசி மழையில் அதன் பெரிய கிளை ஒன்று அடியில் விரிசல் விட்டு, பக்கத்து வீட்டு மொட்டைமாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது.

ராஜபாண்டி மரத்தைச் சுற்றி இரண்டு தடவை வந்து அண்ணாந்து பார்த்தான். பொந்து இருக்கிறதா, குளவிக்கூடு, தேன்கூடு ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். மரம் சுத்தமாக இருந்தது. பூட்டிய வீட்டின் பின்பக்கச் சன்ஷேடுக்கு அடியில் முறத்தைவிடப் பெரிய மலைத்தேனீக் கூடு ஒன்று தொங்கியது. ஆனால் அது இவர்கள் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை.

காலை பதினோரு மணிக்கு முதல் கிளை நல்லபடியாகக் கீழே வந்தது. இரண்டாவதைத் தனிக் கயிற்றில் கட்டி வீரணன் இறக்கிக்கொண்டிருந்தபோது, அது பாதி வழியில் ஒரு சுற்றுச் சுற்றியது. இலைக்கொத்து பூட்டிய வீட்டுச் சன்ஷேடை உரசிவிட்டுப் போனது.

முதலில் மாவு மில் ஓடுவதுபோலச் சத்தம் கேட்டது. பிறகு வானம் கொஞ்சம் கறுத்தது.

"தேனீ!" என்று வீரணன் கத்தினான். கிளைக்கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வீட்டு முன்பக்கம் பாய்ந்து ஓடினான்.

ராஜபாண்டி அப்போது முப்பத்தெட்டு அடி உயரத்தில் இருந்தான். கிளையில் நிலையாக நிற்க இடுப்புக் கயிற்றையும் சுற்றிப் போட்டிருந்தான். முதல் கொட்டு கண்ணுக்குக் கீழே விழுந்தது. அடுத்தது காதுக்குள். மரம் அறுக்கும் வாளைப் பெல்ட்டில் தொங்கவிட்டுவிட்டுப் பெரிய கயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனான். கயிற்றைப் பற்றியிருக்கும் முடிச்சின்மேல் அவன் எடை முழுவதும் விழுந்து அது இறுகிப்போயிருந்தது. அதைத் தளர்த்தி, இறங்கும் வளையத்தை மாட்டி, எடையை அதற்கு மாற்ற வேண்டும். நிதானமாகச் செய்தால் இரண்டு நிமிட வேலை. அவனுக்கு இரண்டு விநாடிகூட இல்லை. விரல்களின்மேல், உதட்டின்மேல், சட்டைக் காலருக்குள் எல்லாம் தேனீ. இடது கண் மூடிக்கொண்டது. அவன் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்குப் பிறகு நினைவில்லை. மீனாவின் பெயர் என்று சுபலட்சுமி அம்மா சொன்னார்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பாண்டி! இடுப்புக் கயித்தக் கழட்டு!"

அது வீரணன் குரல் இல்லை.

"பெரிய கயிறு என் கையில இருக்கு! இடுப்ப மட்டும் கழட்டிவிடு தம்பி! நான் இறக்குறேன்!"

ஒச்சம்மாள் துண்டை முகத்தில் இழுத்துச் சுற்றிக்கொண்டு அடிமரத்தில் ஒரு காலை ஊன்றி நின்றாள். வளையத்தின் பூட்டுச்சுற்றை எடுத்துவிட்டு, அதன் வழியே வெளியே நீளும் வால்கயிற்றை இடுப்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் மேலே இருப்பவன் விழுவான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முகத்தில் உட்கார்ந்ததைத் தட்டிவிடக்கூடக் கை இல்லை.

இடுப்புக் கயிற்றின் கொக்கியைத் திருகி, அழுத்தி, அப்புறம்தான் திறக்க முடியும். தவறிக்கூடத் திறந்துகொள்ளக் கூடாது என்று தேடி வாங்கிய கொக்கி அது. வீங்கிய விரல்களுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை 'டக்'கென்று திறந்தது. அவன் கிளையை விட்டுப் பிரிந்து காற்றில் தொங்கினான்.

உடனே இறங்கத் தொடங்கினான். விழவில்லை. இறங்கினான். ஓர் அடி, நிற்கும், இரண்டடி, நிற்கும். தரைக்கு இன்னும் பத்தடி இருந்தபோது அவன் கால் மதில் சுவரின் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நேர் மேலே வந்தது. கயிறு நின்றது.

"கீழ செவரு இருக்கு! மரத்தக் காலால ஒதை! ஒதைச்சுக்கிட்டு இந்தப் பக்கமா வா!"

அவனுக்குக் கண்ணே தெரியவில்லை. குரல் வந்த திசையை வைத்து மரத்தை ஓங்கி உதைத்தான். உடம்பு வீசி உள்பக்கம் வந்த நொடியில் அவள் கயிற்றை வேகமாகத் தளர்த்தினாள். புல்லின்மேல் உருண்டு விழுந்தான்.

வீரணன் அப்போதுதான் ஒரு ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ராஜபாண்டியைப் போர்த்தி இழுத்தான். ஒச்சம்மாள் இன்னும் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "அக்கா, எறங்கியாச்சு! விடுங்க, எறங்கியாச்சு!" என்று அவன் அவள் காதில் கத்தி, விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. சுபலட்சுமி அம்மா பின்கதவைத் திறந்து மூவரையும் உள்ளே இழுத்துப் போட்டு, கதவுச் சந்தில் ஈரத்துணியைத் திணித்தார். பிறகு தானே காரை எடுத்துக்கொண்டு அவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ராஜபாண்டியின் உடம்பிலிருந்து அறுபது கொடுக்குகளுக்கு மேல் எடுத்தார்கள். ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையும் மிச்சத்தைத் தடுத்திருந்தன. ஒச்சம்மாளுக்கு எடுத்த நர்ஸ் நூற்று நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் ஒச்சம்மாளுக்கு மூச்சு திணறியது. சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மூன்று நாள் பாட்டில்மேல் பாட்டிலாக மருந்து ஏறியது.

மறுநாளே எழுந்து நடந்த ராஜபாண்டி, பெண்கள் வார்டு வாசலில் ஒரு கண் திறந்தும் ஒரு கண் மூடியும் நின்றான். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒச்சம்மாளின் மகள் தமிழ்வாணி அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள். இரவெல்லாம் தூங்காத முகம்.

"நீங்க தலையில ஹெல்மெட் போட்டிருந்தீங்க, கண்ணாடி போட்டிருந்தீங்க. எங்கம்மா தலையில என்னண்ணே இருந்துச்சு? ஒரு துண்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேல ஏறுறவங்களுக்கு மட்டுந்தான் உசுரா?"

"இல்லத்தா" என்றான். அவள் கேட்டது நியாயம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது. உள்ளேயிருந்து, "ஏ தமிழு, அங்க யாருகிட்ட சத்தம்? உள்ள வா" என்று ஒச்சம்மாளின் கம்மிய குரல் வந்தது.

நன்றி சொல்ல அவன் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அதைப் பேசாமலே செய்தவள் மீனா. கையில் ஒரு சீப்பும் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் கொண்டுவந்தாள். கட்டிலில் ஒச்சம்மாளின் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவள் தலைமுடியைப் பிரித்தாள். முடிக்குள் செத்த தேனீக்கள் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத்தில் போட்டாள். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, தளரப் பின்னிவிட்டாள். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அந்தப் பின்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஒச்சம்மாள் வீங்கிய கையைப் பின்னால் நீட்டி, அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் ஒச்சம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து ராஜபாண்டி தினமும் அங்கே போனான். இளநீர், ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு நாள் நாட்டுக்கோழி. அவளால் இன்னும் கையை முழுசாக மூடிப் பிடிக்க முடியவில்லை என்பதால் அவள் வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டான். தண்ணீர் எடுத்து வைத்தான். அவள் கணவர் சங்கிலி ஆடு மேய்ப்பவர், அதிகம் பேசாதவர். ராஜபாண்டி வந்தால் கயிற்றுக்கட்டிலில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்வார். அவ்வளவுதான்.

வீரணனும் ஒரு நாள் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நான் ஓடிட்டேன்" என்றான்.

"நானும்தான் ஓடுனேன்" என்றாள் ஒச்சம்மாள். "வாசக் கேட்டு வரைக்கும் போயிட்டேன். ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது, பாத்துட்டேன். இந்தப் பய அங்கன தொங்கிக்கிட்டு ஆடுறான். பெறகு எப்புடி வெளிய போறது?" அவள் சிரித்தாள். உதட்டு வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. "நீயும் ஜமுக்காளத்தத் தூக்கிக்கிட்டு வந்தேல்ல. வராமயா இருந்த? உள்ள வா."

ராஜபாண்டி மெதுவாகக் கேட்டான்: "வளையத்துல விடுறதுக்கு உங்களுக்கு எப்புடிக்கா தெரியும்? நான் சொல்லித்தரலையே."

"ஆறு வருசமா ரெண்டடி ஏறி எறங்குற. ஒரு நாளைக்கு ஒரு மரம்னு வச்சாலும் எம்புட்டுத் தடவ ஆச்சு? மாடு பாத்தாக்கூடக் கத்துக்கிரும்."

அவன் சிரிக்க முயன்றான். "அக்கா, என் பிள்ளைக ரெண்டும்..." என்று தொடங்கியவன் முடிக்காமல் விட்டான்.

"அதுக்காக இப்புடியா?" என்று அவள் மூலையில் அடுக்கியிருந்த பாட்டில்களைக் காட்டினாள். "தெனம் ஒரு பையோட வார. என்னய என்ன நெரந்தர சீக்காளின்னு நெனச்சியா? இந்த மாவக் கரைச்சுக் குடிச்சு நாக்கே செத்துப் போச்சு."

"வேற என்னக்கா செய்யட்டும்? சொல்லுங்க, செய்றேன்."

கேட்கலாமா வேண்டாமா என்று ஒச்சம்மாள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"கேட்டா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"ஆறு வருசமா நீ மேல இருந்து போடுறதக் கீழ நின்னு பொறுக்குறேன். மேல என்ன இருக்குனு ஒரு தடவ போய்ப் பாக்கணும்."

வீரணன்தான் சிரித்தான். ராஜபாண்டி சிரிக்கவில்லை. "கை சரியாகட்டும்க்கா" என்றான்.

தை மாதம் கை சரியானது. அதற்குள் ராஜபாண்டி சில பொருட்கள் வாங்கியிருந்தான். கீழே நிற்பவர்களுக்கும் ஹெல்மெட், கையுறை, தலையிலிருந்து இடுப்பு வரை மூடும் வலைச்சட்டை. முதல் வலைச்சட்டையைத் தமிழ்வாணியின் கையில்தான் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரையில் நிற்கும் பெரிய புளியமரத்துக்கு எல்லாரும் போனார்கள். மரத்தையும் சுற்று வட்டாரத்தையும் அவன் அன்று நான்கு தடவை சுற்றிவந்து பார்த்தான். ஒச்சம்மாள் சேலைக்குப் பதில் மகளின் டிராக் பேண்ட்டும் அதன்மேல் அந்தப் பழைய முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தாள். ஊர் தாண்டும்வரை இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி மறைத்துக்கொண்டு வந்தாள். தொடைக்கு ஒரு வார், இடுப்புக்கு ஒரு வார் என்று மீனா அவளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட, ராஜபாண்டி ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தான்.

"பாத்துக்கங்கக்கா. மேல ஒரு முடிச்சு, அது உங்க பெல்ட்டோட இருக்கு. கீழ ஒரு முடிச்சு, அதுல காலுக்கு ஒரு கண்ணி. உக்காந்துக்கிட்டே கால் முடிச்சத் தூக்குங்க. கண்ணியில எந்திரிச்சு நில்லுங்க. நிக்கிறப்ப மேல் முடிச்சத் தள்ளுங்க. திரும்ப உக்காருங்க. அம்புட்டுத்தான். கையால இழுத்து ஏறக் கூடாது, காலாலதான் ஏறணும்."

"உக்காரு, எந்திரி. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போட்ட தண்டனைதான்."

முதலில் இரண்டடி ஏறச் சொன்னான். இறக்கிப் பார்த்தான். சரியாக இருந்தது. பிறகு அவள் ஏறத் தொடங்கினாள்.

பத்தடியில் கயிற்றோடு சுற்றினாள். "ஆத்தாடி!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். வீரணன் அவளுக்குக் கீழே தொங்கிய கயிற்றைப் பிடித்துச் சுற்றலை நிறுத்தினான். "அம்மா, போதும், இறங்கிரு" என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த தமிழ்வாணி கத்தினாள். "நீ சும்மா இரு" என்று மேலேயிருந்து பதில் வந்தது. இருபதடியில் மூச்சு வாங்க நின்றாள். அதற்குப் பிறகு ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. உட்கார்ந்தாள், எழுந்தாள், முடிச்சைத் தள்ளினாள். முப்பத்தைந்து அடியில் ஓர் அகன்ற கவட்டை இருந்தது. அதில் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்து, அவன் சொன்னபடி இடுப்புக் கயிற்றைக் கிளையில் சுற்றி மாட்டினாள். கொக்கி பூட்டிய சத்தம் கீழே கேட்டது.

பிறகு அவளிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

தமிழ்வாணி செல்போனை இறக்கினாள்.

"அம்மா!"

"சத்தம் போடாதீங்க" என்றாள். "பாத்துக்கிட்டிருக்கேன்."

கண்மாயில் பாதி தண்ணீர் இருந்தது. அதற்கப்பால் கம்பங்காடுகள், பருத்தி, மேற்கே நீலமாக மலை. உசிலம்பட்டி ரோட்டில் ஒரு டவுன் பஸ் தீப்பெட்டிபோல ஊர்ந்தது. தாழ்வாரமும் தட்டோட்டுக் கூரையும் தெரிய, அவள் வீடு உள்ளங்கை அளவில் இருந்தது. இவ்வளவு சின்ன இடத்தையா தினமும் கூட்டிப் பெருக்கி மாளவில்லை என்று நினைத்ததாகப் பிற்பாடு மீனாவிடம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் திடீரென்று உரக்க எழுந்தது.

"ஏய்! ஏ சங்கிலி! ஆடு பருத்திக்குள்ள போகுதுய்யா! கெழக்கால பாரு!"

அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மேட்டில் உட்கார்ந்திருந்த சங்கிலி துள்ளி எழுந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். குரல் எங்கேயிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் குச்சியைத் தூக்கிக்கொண்டு பருத்திக்காட்டுப் பக்கம் ஓடினார். வீரணனும் தமிழ்வாணியும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீனாவும் சிரித்தாள்.

ராஜபாண்டி மட்டும் நகரவில்லை. அடிமரத்தில் காலை ஊன்றி, வால்கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். வளையம் பூட்டியிருந்தது, பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை. மேலே அவள் கொஞ்சம் அசைந்தாலும் அது கயிற்றில் இறங்கி அவன் விரல்களுக்கு வந்தது.

வெயில் ஏறத் தொடங்கியது. "எறங்குறீங்களாக்கா?" என்று கேட்டான்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா தம்பி?"

"இருங்கக்கா. எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருங்க."